கொடி இறங்கிய பிறகு

புதுச்சேரியில் தேசியக் கொடி ஏறும் அரசு விழாக்கள் ஆண்டுக்கு நான்கு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டும் நாடு முழுமைக்கும் பொது. நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள் என்று இந்த மண்ணுக்கே உரிய இரண்டு நாட்கள் தனியாக உண்டு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர, 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஆக, நாட்டுப்பற்றை வெளிப்படையாகக் கொண்டாட மற்ற ஊர்களைவிட இங்கே இரண்டு நாட்கள் கூடுதல். மீதி முந்நூற்று அறுபத்தொரு நாட்களில் புதுச்சேரிக்காரர் ஒருவர் இந்த ஊருக்கு, அதன் வழியாக நாட்டுக்கு, என்ன செய்ய முடியும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதல் வேலை கொடியிலிருந்தே தொடங்குகிறது. விழா முடிந்த மறுநாள் பள்ளிக்கூட வாசல்களிலும் கடற்கரைச் சாலையிலும் காகிதக் கொடிகள் காலடியில் கிடக்கும். அவற்றைத் தரையில் போடக்கூடாது, தனியிடத்தில் மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டும் என்று 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி நெறிமுறை சொல்கிறது. கிழிந்துபோன துணிக்கொடியையும் குப்பைத் தொட்டியில் போடலாகாது. தனிமையில், முழுதாக, எரித்துவிடுவதே சிறந்தது. பிளாஸ்டிக் கொடியை வாங்காமலே இருப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஆகஸ்ட் 17 காலையில் ஒரு பையோடு தெருவைச் சுற்றி வந்தால் அரை மணி நேர வேலை.

கீழூரில் எட்டு வாக்கு

வில்லியனூரைத் தாண்டிச் சென்றால் கீழூர் என்ற கிராமம் வரும். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர். கூடாது என்று 8 பேர். பேச்சுவார்த்தை, மறியல், போராட்டம், உயிர்ப்பலி எல்லாவற்றுக்கும் பிறகு முடிவு கடைசியில் ஒரு வாக்கெடுப்பில் வந்து நின்றது. அந்த எட்டு வாக்குகளும் மறைக்கப்படாமல் எண்ணப்பட்டு, இன்றுவரை வரலாற்றில் எண்ணிக்கையாக நிற்கின்றன என்பது பெருமைக்குரிய செய்தி. மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்துகொண்டே நாட்டோடு சேர்ந்த ஊர் இது.

அதன் பிறகு இன்னொரு முடிவு குடும்பம் குடும்பமாக எடுக்கப்பட்டது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்புத் தரப்பட்டது. சிலர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள், பெரும்பாலோர் எழுதவில்லை. ஒரே தெருவில், சில சமயம் ஒரே உறவுக்குள், இரண்டு கடவுச்சீட்டுகள் இருப்பது இன்றும் இங்கே சாதாரணம். பிரெஞ்சு ராணுவத்தில் பணிசெய்து ஓய்வூதியம் பெறும் சொல்தா வீட்டுக்காரரும் இந்த ஊரின் தண்ணீரைத்தான் குடிக்கிறார். எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்த்து ஒருவரின் ஊர்ப்பற்றை அளப்பது புதுச்சேரிக்குப் பொருந்தாது. தெருவுக்கு அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதே நியாயம்.

வாக்குரிமை உள்ளவர்கள் செய்ய வேண்டியவை சில. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேர்தல் அறிவித்த பிறகு தேடுவது தாமதம். புதிதாகச் சேர படிவம் 6, பிறர் பெயர் நீக்க படிவம் 7, திருத்தத்துக்கும் வீடு மாறியதற்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி தகுதி நாளாகக் கொள்ளப்படுகிறது. பதினேழு வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வாடகை வீடு மாறும் குடும்பங்கள் கேஸ் இணைப்பை மாற்றும் அதே வாரத்தில் படிவம் 8-ஐயும் முடித்துவிடுவது நல்லது. இறந்துபோன தாத்தாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்வதும் குடும்பத்தின் கடமைதான். அந்தப் பெயரில் வேறொருவர் வாக்களிக்க இடம் தரக்கூடாது. தேர்தல் நேரத்தில் வாக்குக்காகப் பணமோ பரிசுப்பொருளோ வாசலுக்கு வந்தால், தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

சட்டமன்றத் தேர்தல்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் வாக்களிக்கும் ஊர் இது. ஆனால் தெருவிளக்கையும் வாய்க்காலையும் கவனிக்க வேண்டிய உள்ளாட்சி மன்றங்களின் கதை வேறு. 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல், 38 ஆண்டுகள் கழித்து. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடக்காமல் நின்றுபோனது. பிரெஞ்சு ஆட்சியில் 1880 முதலே நகராட்சியும் மேயரும் இருந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு வார்டு உறுப்பினர் என்பவரையே தெரியாது. இது ஊருக்கு நேர்ந்த பெரிய இழப்பு. தேர்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது குடிமக்களின் வேலை. கிடைக்கும்வரை அந்த உறுப்பினர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத் தெருக்காரர்களே கேட்டாக வேண்டும்.

பத்து ரூபாய் மனு

அதற்கான கருவி 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் அரைகுறையாக இருந்தால், அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நாட்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. புதுச்சேரிக்குத் தனி ஆணையம் கிடையாது. அந்த மனு டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

மனுவில் ஆத்திரத்தைக் கொட்டுவதால் பயன் இல்லை. ‘ஏன் எங்கள் தெருவை யாரும் கவனிப்பதில்லை?’ என்ற கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது. கோப்பில் இருப்பதைக் கேட்க வேண்டும். தெருவின் பெயர், எந்த முனையிலிருந்து எந்த முனைவரை, பக்கவாட்டு வாய்க்கால் கடைசியாகத் தூர்வாரப்பட்ட தேதி, ஒதுக்கிய தொகை, ஒப்பந்தம் எடுத்த நிறுவனம், வேலை முடிந்ததாக எழுதிய, பொறியாளர்கள் எம்.புக் என்று சொல்லும் அளவுப் பதிவேட்டின் அந்தப் பக்கத்து நகல். இவை எல்லாம் ஒரு தாளில் அடங்கும். எம்.புக்கில் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று எழுதியிருக்கும். நகல் கைக்கு வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் போய் நின்று அளந்து பார்த்துவிடலாம். அளவு சரியாக இருந்தால் அதையும் எழுதித் தெரிவிப்பது மரியாதை. ஒழுங்காக வேலை செய்த இளநிலைப் பொறியாளருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதுவோர் மிகக் குறைவு. எழுதினால் அடுத்த வேலைக்கு அவர் இன்னும் அக்கறையோடு வருவார்.

ஆயியின் குளம்

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் புதுச்சேரி அரசு தன் சின்னமாக வைத்திருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்த மண்டபம் அது. அதன் பெயருக்குப் பின்னால் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. விஜயநகர அரசர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் மின்னிய மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். ஆயி தானே அதை இடித்துக்கொள்வதாக வேண்டி, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள்.

ஓர் அரசாங்கம் தன் முத்திரையில் படைத்தலைவனையோ கோட்டையையோ வைக்காமல், ஊருக்குத் தண்ணீர் தந்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய மண்டபத்தை வைத்திருக்கிறது. அரசு ஆணை ஒவ்வொன்றின் தலையிலும் அந்தச் சின்னம் இருக்கிறது. புதுச்சேரியில் நாட்டுப்பற்றுக்கு ஓர் உருவம் வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் கணக்கில் உள்ளன. ஊசுடு பெரியது, 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வரும். பிரெஞ்சு ஆட்சியிலும் ஏரி நீரைப் பங்கிட விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. 2019-இல் மாவட்ட நிர்வாகம் ‘நீரும் ஊரும்’ என்ற பெயரில் குளங்களையும் வாய்க்கால்களையும் தூர்வாரும் வேலையைத் தொடங்கியபோது ஊர்மக்களும் நிறுவனங்களும் தோள் கொடுத்தார்கள். நகரத்துக்குள் இருப்பவருக்கு ஏரி எட்டாத தூரம். அவருக்கு மொட்டை மாடி இருக்கிறது.

கணக்கு எளிது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். புதுச்சேரியின் ஆண்டு மழை ஏறத்தாழ 130 சென்டிமீட்டர். தெறிப்பு, ஆவியாதல் எல்லாம் போக ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் அந்த ஒரு மாடியிலிருந்து இறங்கும். நகரம் நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறது. கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். ஏறியதைத் திருப்பி அனுப்புவது மிகக் கடினம். அதனால் செப்டம்பர் கடைசிக்குள் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை மாட்டி, ஜல்லி, மணல், கரி போட்ட வடிகட்டுத் தொட்டியைப் பிரித்துக் கழுவி மீண்டும் அடுக்கிவிட வேண்டும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு அதன் பிறகு வால்வைத் திருப்ப வேண்டும். தொட்டி கட்டிவிட்டுப் பத்து ஆண்டுகளாகத் திறந்தே பார்க்காத வீடுகள் ஏராளம். மழைநீர் உள்ளே போகாமல் தெருவுக்கு வழிந்து, பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும்.

தெருவில் நின்ற தண்ணீர் என்ன செய்யும் என்பதை 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் காட்டியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. அப்படிப்பட்ட மழையை எந்த வாய்க்காலும் முழுதாகத் தாங்காது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் இரண்டு நாளில் வடிவதற்கும் ஐந்து நாள் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு, சிறுபாலத்தின் அடியில் அடைத்திருக்கும் பையும் பாட்டிலும்தான்.

மீனுக்கு ஒரு தூக்கு

குபேர் அங்காடி என்று பலகை சொல்லும். ஊர் பெரிய மார்க்கெட் என்று சொல்லும். காலை எட்டு மணிக்கு மீன் பகுதியில் தரை ஈரமாக இருக்கும். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் சங்கராவையும் வஞ்சிரத்தையும் திருப்பிப் போட்டுச் செவுளைக் காட்டுவார்கள். வாங்க வந்தவர் கையில் பை இல்லையென்றால் கறுப்புக் கேரி பேக் ஒன்று எங்கிருந்தோ வரும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைப் புதுச்சேரி 2019 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனாலும் அந்தக் கறுப்புப் பை போகவில்லை. விற்பவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. பை இல்லாவிட்டால் வாங்குபவர் அடுத்த கூடைக்குப் போய்விடுவார் என்ற பயம் அவருக்கு.

இங்கே மாற வேண்டியவர் வாங்குபவர். மூடி உள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று மீனுக்கு. துணிப்பை ஒன்று காய்கறிக்கு. தூக்கை நீட்டினால் மீன்கார அம்மா கழுவி நறுக்கிய துண்டுகளை நேராக அதில் போட்டுவிடுவார். தண்ணீர் சொட்டாது, வண்டியில் நாற்றம் ஒட்டாது, வீட்டில் பாத்திரத்தை மாற்றும் வேலையும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய புதுச்சேரிக்காரர்கள் இப்படித்தான் மீன் வாங்கிப் பழகியவர்கள். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. விட்டதை எடுத்துக்கொண்டால் போதும்.

வீட்டுக் குப்பையில் மக்குவதும் மக்காததும் சேர்ந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சேர்ந்த குப்பை குரும்பாபேட் கிடங்குக்குப் போய் மலையாகும். அந்த மலைக்குப் பக்கத்திலும் குடும்பங்கள் வாழ்கின்றன. டயபர், நாப்கின் போன்றவற்றைத் தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் துப்புரவுப் பணியாளர் கையை விட்டுத் துழாவ வேண்டிய அவலம் இராது. உடைந்த கண்ணாடிக்கும் அதே முறை. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மீண்டும் கலந்துவிடுகிறார்கள் என்ற புகார் எங்கும் உண்டு. கலப்பதைப் படமெடுத்து நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். அதையே காரணமாக்கி வீட்டில் பிரிப்பதை நிறுத்தக்கூடாது.

ஒரு புகாரை எவ்வளவு காலம் கைவிடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதற்குக் கடற்கரையே சாட்சி. 1980-களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. வடக்கே இருந்த மணல்வெளி கரைந்து, கடற்கரைச் சாலையோரம் கருங்கல் மட்டும் மிஞ்சியது. மீனவர்களும், பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்புகளும் இதைப் பல ஆண்டுகள் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். வரைபடம் காட்டினார்கள், அறிக்கை எழுதினார்கள். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் இரும்பாலான திட்டு ஒன்றை அமைத்த பிறகு அங்கே மணல் திரும்பி வந்தது. ஒரு தலைமுறையே மணலைப் பார்க்காமல் வளர்ந்த இடத்தில் இப்போது குழந்தைகள் விளையாடுகிறார்கள். அந்த மணலில் சுண்டல் காகிதத்தை விட்டுவிட்டு வருவது அத்தனை பேரின் உழைப்பையும் அவமதிப்பது.

சனிக்கிழமை இரவுச் சாலை

வார இறுதியில் வெளியூர் வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டும். மது தாராளமாகக் கிடைக்கும் ஊர் என்ற பெயர் புதுச்சேரிக்கு உண்டு. நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. விருந்தினர் குடித்திருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கொடுக்கும் விடுதிக்காரரை, ஓட்டலின் காவலாளியை, நண்பரை ஊர் வணங்க வேண்டும். சண்டை வரும், வசை விழும். சாவியைக் கொடுக்காமல் இருப்பதே அன்றைய தேசப்பணி.

விபத்தைக் கண்டால் நின்று உதவ வேண்டும்; 108-ஐ அழைக்க வேண்டும். போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற பயத்துக்கு இப்போது இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது.

அடிபட்டவர் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கேதான் வருகிறார்கள். வெளியூரிலிருந்து ஒற்றைத் துணையோடு வந்த நோயாளிக்கு ரத்தம் தர இங்கே உறவினர் யாரும் இருக்க மாட்டார்கள். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் தரலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. விழா நாட்களில் முகாம்களில் ரத்தம் குவியும். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது வற்றும். ஆதலால் பிறந்தநாளிலோ சுதந்திர நாளிலோ தருவதைவிட மே மாதத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை போவது மேல்.

எட்டு மணி நேரம்

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் அந்தப் போராட்டத்தைப் பாரிஸ்வரை கொண்டுபோனார்கள். 1937-இல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. ஊரின் பழைய பஞ்சாலைகளான ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மூன்றும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. ஜூலை 30-ஐ மட்டும் தொழிற்சங்கங்கள் இன்றும் நினைவுகூர்கின்றன.

அந்த எட்டு மணி நேரம் பல வீடுகளில் இன்னும் நுழையவில்லை. காலை ஆறு மணிக்கு வந்து மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மாலையில் மறுபடி வரும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டா என்பதை ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும். சம்பளத்தை மாதம் பிறந்ததும் குறித்த தேதியில் தர வேண்டும். காய்ச்சலில் வராத நாளுக்குப் பிடிக்கக்கூடாது. தீபாவளிக்குக் கொடுக்கும் புடவையைச் சம்பளக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தியாகிகளுக்கு மாலை போடும் ஊரில் இவ்வளவாவது நடக்க வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயதுக்கு உட்பட்ட வீட்டுப் பணியாளர், கட்டடத் தொழிலாளி, தள்ளுவண்டிக்காரர் எல்லோரும் இலவசமாகப் பதிவு செய்யலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் இல்லாதவராகவும் வருமான வரி கட்டாதவராகவும் இருக்க வேண்டும். ஆதார் எண், அதோடு இணைத்த கைப்பேசி, வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் தேவை. பலருக்குச் சிக்கல் அந்தக் கைப்பேசி எண்ணில்தான்: பழைய எண் ஆதாரில் இருக்கும், அந்த சிம் எப்போதோ போயிருக்கும். வீட்டு அம்மா ஒரு நாள் ஓய்வு கொடுத்து, ஆதார் மையத்துக்குக் கூடவே போய் எண்ணை மாற்றி, பிறகு பொதுச் சேவை மையத்தில் பதிவை முடித்து, பன்னிரண்டு இலக்க எண்ணோடு வரும் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் தந்துவிடலாம்.